தௌஹீத் அண்ணனின் பெருநாள் சட்டை

கோரிப்பாளையத்தில் ஜலால் பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுபவள் சுஃபியா அக்கா. பிரிண்ட் மெஷினைப் பார்ப்பவள் நான், பாண்டிமீனா. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அக்காவுக்கு அதுவே கிடையாது.

கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் அக்கா முன்கூட்டியே டெம்ப்ளேட் செய்து வைத்திருப்பாள். வாடிக்கையாளர் முகம் வரவேண்டிய இடத்தில் சும்மா ஒரு முகம் வேண்டுமே? போர்டு ஏற்றிப்போகும் லோடு ஆட்டோக்காரரையே நிற்க வைத்துப் படமெடுத்தாள். அவர் அவள் புருஷன், தௌஹீத் அண்ணன். கட்டம் போட்ட பெருநாள் சட்டையில் எல்லா டெம்ப்ளேட்டிலும் சிரித்துக்கொண்டிருப்பார்.

"காலையில மாப்பிள்ள, மத்தியானம் மாலை போட்ட மவுத்து. நல்லா வச்சிருக்கடி என்னய" என்பார். நாங்களும் சிரிப்போம். பாவி மனுசன், போர்டு ஏற்றிப்போன வழியில் ரிங் ரோட்டில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தார்.

புருஷன் செத்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து அக்கா வேலைக்கு வந்த அன்று முதல் ஆர்டரே கண்ணீர் அஞ்சலி. ஃபைலைத் திறந்தால் மாலைக்கு நடுவே அண்ணன். ஃபைலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்கள்தான் லேயர்; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதை அமுக்கினால் படம் மறையும். அக்கா அமுக்கினாள், வேறு முகத்தை வைத்தாள். தினமும் இதே கூத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத அழிச்சுத் தொலைங்கக்கா. எதுக்கு இந்தச் சித்திரவதை?"

"அழிச்சுட்டு மூடுனா சேவ் பண்ணவான்னு கேக்கும்டி. அதுக்கு ஆமான்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து தங்கப்பொண்ணு அம்மா வந்தது அதற்குப் பிறகு. மகன் கிணற்று வேலையில் மண் சரிந்து செத்துப்போனான். இருந்தது வாட்ஸ்அப்பில் வைத்த பொடிப் படம் ஒன்றுதான். பெரிதாக்கினால் பிக்சல் உடைந்து முகமே சதுரம் சதுரமாக வந்தது. அக்கா பொழுது சாய்கிறவரை அதோடு மல்லுக்கட்டி, தலையை மட்டும் வெட்டி, ஓரத்தை மங்கலாக்கி மாலைக்கு நடுவே வைத்தாள். அந்த அவசரத்தில் அடியிலிருந்த அண்ணன் லேயரின் கண்ணை மூட மறந்துவிட்டாள். நானும் கவனிக்காமல் பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

மெஷினிலிருந்து வந்தபோதுதான் பார்த்தோம். பையன் தலைக்குக் கீழே அண்ணனின் கட்டம் போட்ட சட்டை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்தி அடிச்சுத் தாரோம்மா" என்றேன்.

தங்கப்பொண்ணு அம்மா விடவில்லை. ஃப்ளெக்ஸில் அந்தச் சட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "இருக்கட்டும் தாயி. எம்புள்ள நல்ல சட்ட போட்டு நான் பாத்ததே இல்ல."

அக்கா அதைச் சுருட்டிக் கையில் கொடுத்து, வாசல்வரை கூடவே போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து ஃபைலைத் திறந்து அந்த லேயரை அழித்தாள். மூடப்போனபோது சேவ் பண்ணவா என்று கேட்டது.

"சட்டைய அந்தப் புள்ளைக்குக் குடுத்தாச்சு. இனி அவரு இதுல எதுக்கு?" என்றாள். மவுஸை என் பக்கம் தள்ளினாள். "நீ அமுக்குடி மீனா."

இவ்வளவு நாள் அழி அழி என்று கத்தியவள் நான்தான். அழுதுகொண்டே அமுக்கினேன்.