ரோஜாப்பூவும் சிவப்புப் பொத்தானும்

கேன்டீனை ஒட்டி ஏ.சி. அறை கட்டி, வரிசையாகக் கம்ப்யூட்டர் வைத்தபோதே எனக்குச் சந்தேகம். ஃபேன் கேட்டே வாய் வலித்தவர்கள் நாங்கள். எங்களுக்கு ஏ.சி. என்றால் சும்மாவா?

ஒரகடம் ஃபேக்டரியில் பிரஸ் மெஷினில் தகடு அமுக்குவது என் வேலை. கம்ப்யூட்டருக்குள் எங்கள் உற்பத்தி லைனை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். அதே மஞ்சள் கோடு, அதே மெஷின். எனக்குப் பதில் ஒரு பொம்மை. தொப்பை மட்டும் இல்லை. அந்தப் பொய் லைனில் எங்களுக்குப் பரீட்சை. தேறாதவன் பேக்கிங்குக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்டவேண்டும்.

பரீட்சையில் எதிரே நின்ற இன்னொரு பொம்மை மெஷினுக்குள் கையை விட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் லைன் நிற்கும். நிஜத்தில் அதை எவன் அழுத்துவான்? "எவன்டா லைன நிறுத்துனது?" என்று சூப்பர்வைசர் பாய்ந்து வருவார். நாங்கள் விசில்தான் அடிப்போம். விசில் கேட்டால் அத்தனை பேரும் கையை வெளியே இழுத்துக்கொள்வோம். ஆபீசுக்குத் தெரியாத ஏற்பாடு அது.

பழக்கத்தில் என் விரல் வாய்க்குப் போனது. பயிற்சி தரும் பெண் பக்கத்திலேயே நின்றார். மீசையைத் தடவுவதுபோல நடித்தேன். அதற்குள் பொம்மையின் கை நசுங்கியது.

"ஃபெயில் சார். அடுத்த வாரம் இன்னொரு சான்ஸ் இருக்கு. டவுட் இருந்தா ஆன்லைன் குரூப்ல கேளுங்க, சொந்தப் பேர் போட வேணாம்."

சொந்தப் பேர் வேண்டாமாம்! ஆபீஸ் போட்ட தூண்டில் தெரிந்துவிட்டது. மறைமலை நகர் கிளை ஆட்களும் இருந்த குழு அது. ஒருத்தரும் சந்தேகம் கேட்கவில்லை. காலை வணக்கப் படமும் வல்லக்கோட்டை முருகனுமாக நிரம்பி வழிந்தது. நான் 'ரோஜாப்பூ' என்று பேர் வைத்துக்கொண்டு ஒளிந்திருந்தேன்.

பொத்தானை அழுத்தாவிட்டால் பேக்கிங். அழுத்தினால், லைனை நிறுத்துகிற ஆள் இவன் என்று குறித்துக்கொள்வார்களோ?

மறுநாள் பழகுவதற்காக ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தபோது, குழுவில் 'புலி' என்ற ஒருவன் கேட்டான்: "செவப்பு பட்டன அமுக்கணுமா, விசில் அடிக்கலாமா?"

விசிலா! எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். புலி நிச்சயம் ஆபீஸ் ஆள்தான். மடக்குகிறேன் பார் என்று தட்டினேன்: "நீ லைன் ஆளா? அப்போ கேன்டீன் சாம்பார் எப்டி கீது சொல்லு."

"அது சாம்பாரா? பருப்ப கூட்டிட்டுப் போயி தண்ணிய காட்டிட்டு வந்துட்டாவ. நீ மொதல்ல யாரு?"

ஆபீஸ் ஆட்களுக்கு வேறு சாப்பாடு. நிம்மதியில் "பங்காளி!" என்று அனுப்பினேன். என் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. எட்டிப் பார்த்தேன். என் மெஷினுக்கு எதிரே நிற்கிற திருநெல்வேலிப் பையன்தான் புலி. மண்ணூரில் ரூம் எடுத்திருப்பவன்.

"அண்ணாச்சி! ரோஜாப்பூ நீங்கதானா? ஆபீஸ்காரன்னுல்லா நெனச்சேன்!"

"மெதுவா பேசுப்பா, மானம் போவுது. பட்டன இன்னா செய்யலாம்?"

"அமுக்கிருவோம் அண்ணாச்சி. மாட்டுனா ரெண்டு பேருமா பெட்டி ஒட்டுவோம்."

அடுத்த வாரம் மறுபடியும் பொம்மை கையை விட்டது. வலக்கையால் பொத்தானை அழுத்தினேன். லைன் நின்றது, தேறிவிட்டேன். ஆனால் இடக்கை யாரைக் கேட்டது? விரல் வாய்க்குப் போய், விசில் கூரையைப் பிளந்தது.

அறையிலிருந்த அத்தனை பேரும் கீபோர்டிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்தார்கள். பயிற்சிப் பெண் மட்டும் கையில் பேனாவோடு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அன்று மாலை குழுவில், அதுவரை வாயே திறக்காத ஒரு பேரிலிருந்து ஒரு வரி வந்தது: "ரோஜாப்பூ, விசில் பிரமாதம்."

"அத எழுதுனது சத்தியமா நான் இல்ல அண்ணாச்சி" என்றான் பையன். யாரென்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கே பேரைத் தாமரை என்று மாற்றிக்கொண்டேன்.