வாய்க்கால் பாலத்து வளைவும் ஒரு பூசணிக்காயும்

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிப் பக்கம். உத்தமபாளையம் போகிற பெரிய ரோட்டைப் பிடிப்பதற்கு முன்னால், வயல்களுக்கு நடுவே ஒரு சின்னத் தார் ரோட்டைக் கடந்தாக வேண்டும். அரசாங்கம் அதை வண்டி போவதற்குத்தான் போட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கோ அதுதான் களம், அதுதான் குப்பைமேடு. அறுப்பு முடிந்தால் வைக்கோல் அதில்தான் காயும். கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து பரப்பிவிட்டு, போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துத் தரட்டும் என்று ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். சுற்றிலும் காவலுக்குக் கல் வைப்பார்கள். கொள்ளு வீட்டுக்குப் போய்விடும், கல் ரோட்டிலேயே கிடக்கும். யார் வைத்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. ரோடு தானாகவே கல்லைக் காய்த்துக்கொண்டது போல முழிப்பார்கள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரியாற்றுத் தண்ணீர் திறந்து முதல்போக உழவு ஆரம்பித்துவிட்டால் சேறு வந்துவிடும். வயலிலிருந்து ஏறுகிற டிராக்டர் பாதி வயலை டயரில் அப்பிக்கொண்டுதான் ஏறும். வீடு போய்ச் சேருவதற்குள் அதைக் கட்டி கட்டியாக ரோட்டில் உதிர்த்துவிடும். வெயிலடித்தால் அது காய்ந்து மேடாகும். மலைப் பக்கமிருந்து சாரல் விழுந்தால் வெண்ணெயாகும்.

அந்த வெண்ணெயில்தான் நான் விழுந்தேன்.

உத்தமபாளையத்தில் ஒரு நூலகத்தில் எனக்கு வேலை. நாற்பது வயதுக்கு மேல் பிடிவாதமாக ஸ்கூட்டி கற்றுக்கொண்டவள் நான். அதற்கு முன் பஸ்ஸுக்காகக் காத்துக் காத்து, தாமதமாகப் போய், பூட்டிய கதவின் முன்னால் பேப்பர் படிக்க நிற்கிறவர்களிடம் தினமும் முறைப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டி வந்தபிறகுதான் என் நேரம் என் கைக்கு வந்தது. முதன்முதலாகத் தனியாகக் கம்பம் வரை ஓட்டிக்கொண்டு போய், ஒரு கடையில் நின்று டீ குடித்துவிட்டு, ஒரு காரியமும் இல்லாமல் திரும்பி வந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்று கூட வந்ததில்லை. இதை என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை வாய்க்கால் பாலத்துக்கு அடுத்த வளைவில் மெதுவாகத்தான் திரும்பினேன். பின்சக்கரம் மட்டும் வேறு ஊருக்குப் போகக் கிளம்பியது. நானும் வண்டியும் சாப்பாட்டுப் பையும் தனித்தனியாக விழுந்தோம். தலையில் ஹெல்மெட் இருந்ததால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் மொபெட்டில் தேங்காய் ஏற்றி வந்த ஒருவர் இறங்கி வண்டியைத் தூக்கி நிறுத்தினார். "சேறு வழுக்கி விட்ருச்சும்மா" என்றார். அப்போதுதான் கீழே பார்த்தேன். ரோட்டில் இரண்டு கோடாகச் சேறு. எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். அது நேராக எங்கள் வயலுக்குள் போனது. வலியோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஹார்லிக்ஸும் ஆப்பிளும் பிரெட்டும் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சேலையோடு வண்டி ஓட்டலாமா என்றார் ஒருவர். ஹெல்மெட் போட்டால் பக்கவாட்டில் கண் தெரியாது என்றார் இன்னொருவர். ஒருவர் என் ராசியையே இழுத்தார். சேற்றைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"அது நம்ம வயச் சேறு" என்றேன் நான்.

டிராக்டர் ஓட்டுகிற என் கொழுந்தன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "ஊரு பூராவும் சேறு தான் மதினி கெடக்கு. இதுல நம்ம சேறுன்னு பேரா எழுதியிருக்கு?"

"ரோடு கவர்மெண்டு ரோடு" என்றார் என் வீட்டுக்காரர். "கூட்டணும்னா அவுக தான் ஆளு போடணும்."

என் மாமியாருக்கு இந்த வாக்குவாதமே பிடிக்கவில்லை. "சேறும் இல்ல, கீறும் இல்ல. அங்கன ஏதோ காத்துக் கருப்பு நிக்கிது ஆத்தா. போன வருசமும் அங்கனதான ஒரு பய விழுந்தான். நடு ரோட்டுல ஒரு பூசணிக்காயை உடைச்சாத்தான் சரியாகும்" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "ஏலே, மொதல்ல வண்டிச் சாவிய வாங்கி வையி. இனிமே பஸ்ஸுல போகட்டும்" என்றார்.

வீட்டுக்காரர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பஸ் எதுக்கு, நானே பைக்குல கொண்டு போய் விடுறேன்" என்றார், பெரிய மனது பண்ணி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முழங்கால் வலிக்காக அழுகிறேன் என்று நினைத்து ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்தார்கள். அந்தச் சாவி மட்டும் திரும்பக் கைக்கு வராமல் போனால், இனி எனக்கு ஒரு இடத்துக்குப் போக வேண்டுமென்றால் இன்னொருவர் சட்டை மாட்டிக் கிளம்பும் வரை வாசலில் நிற்க வேண்டும். அதை நினைத்துத்தான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூசணிக்காய் உடைந்தது. எங்கள் வேலியில் காய்த்ததுதான், தூக்கவே மூச்சு வாங்கும். மேலே துளை போட்டுக் குங்குமமும் சில்லறையும் திணித்து, சூடம் ஏற்றி, கொழுந்தன் அதை மூன்று சுற்றுச் சுற்றி, நான் விழுந்த அதே இடத்தில் ஓங்கிப் போட்டான். உடைத்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது முறை. முறைப்படி ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனேன். பின்னால் உட்கார்ந்தவளுக்கு வேறு வேலை ஏது? தோளுக்கு மேலாக எட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். சாரல் வேறு. பாலத்தைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க, பூசணிக்காய்."

"தெரியுது, தெரியுது. வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாதா?" என்றவர் சொல்லி முடிக்கவில்லை.

இந்த முறை விழுவது எனக்குப் பழகியிருந்தது. வண்டி சாயும்போதே குதித்து இறங்கி நின்றுவிட்டேன். அவர்தான் பூசணித் துண்டுகளோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் குங்குமம். ரத்தம்தான் என்று நினைத்து ஒரு நொடி எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால் நெற்றியில் ஒரு பூசணி விதை ஒட்டியிருந்தது. நல்லவேளை, வலது மணிக்கட்டு பிசகியதோடு சரி.

அந்தத் தேங்காய்க்காரர் அன்றும் அதே நேரத்துக்கு வந்தார். "நீங்க தானாம்மா மறுபடியும்?" என்றார்.

"இன்னைக்கு நான் ஓட்டல" என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு இருந்த சுகத்தை மறைக்க விரும்பவில்லை.

பைக்கைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். அதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கொழுந்தன் விடியற்காலையிலேயே கோம்பைப் பக்கம் உழவுக்குப் போயிருந்தான். பஸ்ஸும் அப்போதுதான் போயிருந்தது. உத்தமபாளையத்தில் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். காத்துக் கருப்பு தன் மகனையுமா தள்ளும் என்று மாமியார் குழம்பிப்போய், வேறொரு கோயில் பெயரைச் சொல்லி ஏதோ நேர்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் இடது கையைச் சட்டைப் பைக்குள் கஷ்டப்பட்டு விட்டுச் சாவியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை வெளியே எடுத்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். முதலில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவித்துவிட்டுக் கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாலம் வந்ததும், "நிறுத்து" என்றார்.

ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் போய், இடது கையால் பூசணித் துண்டுகளைப் பொறுக்கி வாய்க்கால் பக்கம் எறிய ஆரம்பித்தார். சேற்றுக் கட்டிகளைச் செருப்புக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார். ஒரு கைதானே, வேலை ஓடவில்லை. நானும் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினேன். அப்போது எதிரே ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். முன்னால் யூனிஃபார்ம் போட்ட ஒரு சின்னக் குழந்தை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் வீங்கிய கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

அவளுக்கு எரிச்சல். குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். "பிள்ளைய வச்சுக்கிட்டு வாரோம். யாருண்ணே இப்படிப் போட்டுட்டுப் போனது?"

எவனோ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எங்கள் ரோட்டில் அந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்கிற பதில் அதுதான்.

"நாங்க தாம்மா" என்றார் அவர். "பூசணிக்காயும் எங்களுது, சேறும் எங்களுது. செத்த இருங்க, தள்ளிர்றேன்."

அவள் திட்ட வந்தவள், திட்டவில்லை. கால் ஊன்றிக் காத்திருந்தாள். அவர் குனிந்து சேற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தார். குங்குமச் சட்டையோடு, வீங்கின கையோடு, நடு ரோட்டில் குனிந்து நின்ற அந்த மனிதரை எனக்கு அன்று ரொம்பப் பிடித்திருந்தது.