எரியாத மருந்து

போன வெள்ளிக்கிழமை கிண்ணியாவுக்குப் போய் நிசாரின் இடது காலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆமாம், காலைத்தான். எங்கள் பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் மற்ற எல்லோரும் முழு ஆட்கள். நிசார் மட்டும் ஓர் இடது கால். மிச்ச உடம்பு அதைச் சுமந்துகொண்டு ஓடத்தான் இருந்தது.

அந்தக் காலின் விரலிடுக்கில் இப்போது சேற்றுப்புண். பூஞ்சை. எனக்கு வந்தால் சொறிந்துகொண்டே இந்தப் பத்தியை எழுதலாம். நிசாருக்கோ பல வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வெடிப்பு ஆழமாகி வேறு கிருமியும் உள்ளே போனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு கிரீமும் கொடுத்து, தோல் சரியானது போலத் தெரிந்தாலும் நிறுத்தக்கூடாது என்றாராம்.

எங்கள் ஆள் இரண்டு தரம் பூசிவிட்டு நிறுத்திவிட்டான். ஏன்?

"மச்சான், அது எரியுதே இல்லடா!"

எங்கள் காலத்து மருத்துவ சாஸ்திரம் அது. மாரி மழையில் விளையாடி, நனைந்த மேஸை, அதுதான் காலுறையை, ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டு, நட்போடு பூஞ்சையையும் பகிர்ந்துகொண்ட வருடங்கள்... ஆட்டம் முடிந்ததும், அக்கரைக் கிண்ணியாவுக்குப் போகும் நிசாரை வழியனுப்பும் சாக்கில் நாங்களும் பாதையில் ஏறிவிடுவோம். (பாலம் வருமுன் ஆட்களை அக்கரை சேர்த்த மிதவைக்கு எங்களூரில் 'பாதை' என்றுதான் பெயர்.) விளிம்பில் உட்கார்ந்து காலை உப்புத் தண்ணீருக்குள் விடுவோம். சுரீர்! முழு அணியும் 'ஸ்ஸ்...' என்று பல்லைக் கடிக்கும். எரிந்தால் பூஞ்சை சாகிறது என்று அர்த்தம்.

செத்தது எங்கள் தோல்தான் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும், அந்த எரிச்சலுக்காக இன்னொரு தரம் அந்தப் பாதையில் ஏற மாட்டேனா?

நிசாரின் மனைவி ரிஹானா தேத்தண்ணி கொண்டு வந்தார்.

"அண்ணன், நேத்து தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேச்சவர். நான் சொன்னாக் கேக்கிறாரில்ல. நீங்களாவது சொல்லுங்க."

வெடித்த காலில் எலுமிச்சையும் உப்புமா? நான் சும்மா சொல்வேனா? அண்மையில் வாசித்ததை அவிழ்த்துவிட்டேன். பூஞ்சையைக் கொல்வது லேசில்லையாம். அதன் உயிரணுவும் எங்களுடையதும் கிட்டத்தட்ட ஒரே சாடை; அதைச் சாகடிக்கும் நஞ்சு எங்களையும் ஒரு கை பார்க்கும். மருந்து பட்டால் சுதாரித்துத் தற்காத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். அதனால் ஆய்வாளர்கள் குறுக்கு வழி ஒன்று தேடுகிறார்கள் - வேறு நோய்களுக்கென்று பாமசியில் ஏற்கெனவே இருக்கும் மருந்துகளில் எது அந்தத் தற்காப்பைக் குலைக்கும்? அது பூஞ்சையைக் கொல்ல வேண்டியதில்லை. நோஞ்சானாக்கினால் போதும். மிச்சத்தைப் பழைய பூஞ்சை மருந்தே பார்த்துக்கொள்ளும்.

"ஒண்டும் வெளங்கல்ல," என்றான் நிசார்.

"டேய், டீமில என்னை ஏன் வச்சிருந்தனீங்கள்?"

"அதுவும் இண்டைக்கு வரைக்கும் வெளங்கல்ல."

எனக்குப் பந்து உதைக்க ஏலாது. வாய் மட்டும் இருந்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரனுக்குப் பக்கத்தில் ஓடியபடி, அவனுடைய மாஸ்டர் மாதிரிக் கதைத்துக் காட்டுவதுதான் என் வேலை. அவன் சிரிக்கத் தொடங்கினால் போதும், மிச்சத்தை அந்த இடது கால் பார்த்துக்கொள்ளும். வாழ்நாளில் நான் ஒரு கோல் போட்டதில்லை. ஆனாலும் என்னை யாரும் வெளியே உட்கார வைக்கவுமில்லை.

இதை நினைவுபடுத்தியதும் நிசாரின் முகம் மலர்ந்தது. "அப்ப எரியத் தேவையில்ல... ஆளக் குழப்பிவிட்டாச் சரி!"

"ஓம்!"

"அப்ப என்ட பிரஷர் குளிசைய அரைச்சு, கிரீமோட குழைச்சுப் பூசினா?"

ரிஹானா என்னைப் பார்த்த பார்வையில் தேசிக்காயும் உப்பும் சம அளவில் இருந்தன.

"ஐயோ மச்சான், அது இன்னும் ஆராய்ச்சியிலதான் கிடக்கு. எந்த மருந்து எந்தப் பூஞ்சைக்கு எண்டு அவங்களே தேடிக்கொண்டிருக்கிறாங்கள். உனக்கு டொக்டர் தந்த கிரீமை ஒழுங்காப் பூசு, காலை ஈரமில்லாம வச்சிரு. அவ்வளவுதான்."

"சரிடா. ஆனா ஒண்டுமே எரியாம, அது வேலை செய்யிதெண்டு எப்பிடித் தெரியும்?"

துவாயும் கிரீமுமாக வந்து கீழே உட்கார்ந்த ரிஹானா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எரிஞ்சுகொண்டிருக்கிறன். அது போதாதா?"

நிசார் இடது காலை நீட்டினான். அவனுடைய தற்காப்பைக் குலைக்கும் மருந்து, ஏற்கெனவே வீட்டில்தான் இருந்திருக்கிறது!