மண்மேட்டுக்கு நடந்த சவரம்

மழையை நம்பிப் பிழைத்துக்கொண்டு, மழை வந்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிடுகிற தொழில் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தடுக்க வேண்டும், ஓடுகிற தண்ணீரை ஒழுங்காக வாய்க்காலில் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மண் நின்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு கூடை மண் சரிந்தால் போதும், போனில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவார்கள். நீங்களும் ரோடு, கட்டடம், வாய்க்கால் என்று எதிலாவது மாட்டிக்கொண்டு முழிப்பவர் என்றால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எம்.டி. போட்ட கண்டிஷன்

அப்போது நான் ஒரு சின்ன தனியார் கம்பெனியில் சைட் இன்ஜினியர். நெய்வேலியை ஒட்டின வடக்குத்தில் ஒரு வாடகை வீடுதான் ஆபீஸ். அந்த வருஷம் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, மண் அரிப்புத் தடுப்பு, மழைநீர் மேலாண்மை என்று ரெண்டு நாள் கருத்தரங்கு வைத்தார்கள். எந்த மாதத்தில்? நவம்பரில்! வெயில் இருக்காதாம், வெளியூர்க்காரர்களுக்கு இதமாக இருக்குமாம். நவம்பரில் கடலூர்ப் பக்கம் வானம் எப்படிக் கொட்டும் என்று தெரிந்தவர்கள்தான் தேதி குறித்தார்கள், அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு கிடந்தது. அதில் எங்கள் கம்பெனி ஒரு மாதிரிச் சரிவு செய்து காட்ட வேண்டும். மேட்டை வாகாகச் செதுக்கி, தென்னை நார் வலை விரித்து, முளை அடித்து, வலைக் கண்ணுக்குள்ளே வெட்டிவேர் நட்டு, மேலே வைக்கோல் பரப்பினேன். ரெண்டாம் நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் விருந்தாளிகள் வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் எங்களுக்கு இந்தப் பக்கம் தொடர்ந்து வேலை கிடைக்கும்.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து என் வீட்டுக்காரர் பிரபாகர் தூத்துக்குடியில், நான் கம்பெனி அனுப்புகிற ஊரில். பேங்க்கில் கெஞ்சிக் கூத்தாடி, அந்த ஜூனில்தான் வடலூர்க் கிளைக்கு மாற்றல் வாங்கி வந்திருந்தார். ஒரே வீட்டில் ரெண்டு தட்டு வைத்துச் சாப்பிட அப்போதுதான் ஆரம்பித்திருந்தோம். இது எங்கள் எம்.டி.க்கும் தெரியும். சென்னையிலிருந்து மேட்டைப் பார்க்க வந்தவர், காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சுமதி, மேடு நின்னா நீங்க நெய்வேலியில இருங்க. மேடு சரிஞ்சா, ஒடிசா சைட்ல ஆள் இல்ல, கெளம்பிடுங்க."

மொட்டை மாடி

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் மழை சொல்கிற ஆப் எத்தனை உண்டோ அத்தனையையும் ஏற்றி வைத்துக்கொண்டேன். ஒன்று மழை என்னும், ஒன்று மேகமூட்டம் என்னும், ஒன்று சூரியனைப் படம் போட்டுக் காட்டும். எதையும் நம்பாமல் விடிந்ததும் மொட்டை மாடிக்கு ஓடிப் போய், சேத்தியாத்தோப்புப் பக்கம் கருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். கொஞ்சம் கருத்தால் போதும், மேட்டுக்கு ஓடி முளைகளை இன்னொரு தரம் அடித்துவிட்டு வருவேன்.

ஒருநாள் காபி டம்ளரோடு பிரபாகர் மேலே வந்தார். நான் திரும்பவே இல்லை. டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று அவரும் மேகத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இந்த மேகத்தப் பாக்குற மாதிரி என்னை ஒருநாள் பாத்திருந்தா, நான் தூத்துக்குடியிலேருந்து நடந்தே வந்திருப்பேன்."

சிவப்புக் கம்பளம்

பந்தல், சாப்பாடு, அலங்காரம் எல்லாம் அந்தோணி அண்ணன் கான்ட்ராக்ட். நல்ல மனுஷர், ஆனால் அவர் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். கருத்தரங்குக்கு முந்தின நாள் நான் போனபோது, சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகிற வழி முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. குனிந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்குகிற கம்பி மூடி அத்தனையும் கம்பளத்துக்கு அடியில்.

"அண்ணே, இது மழைநீர் வடிகால். இத மூடினா தண்ணி எங்கண்ணே போவும்? கருத்தரங்கே இதப் பத்தித்தானே நடக்குது?" என்று கிட்டத்தட்ட அழுதேன். அவர் ஏணி மேலிருந்து சீரியல் பல்பைக் கட்டிக்கொண்டே என்னைச் சமாதானப்படுத்தினார்: "இவ்ளோதானே, பயப்படாதீங்க மேடம், கருத்தரங்கு முடிஞ்சவுடனே எடுத்துடறேன்."

முதல் நாள்

குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடியவே பாதிப்பொழுது ஓடிவிட்டது. அதற்கப்புறம் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்த கரை, சரிந்த மலை, முங்கிய தெரு. சுற்றிலும் எல்லாரும் ரசித்துக் குறிப்பெடுக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு படத்திலும் என் மேடுதான் தெரிந்தது. நடுநடுவே எழுந்து ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன்.

டீ இடைவேளையில் பார்த்தால், நான் மட்டும் இல்லை, ஜன்னலோரம் ஒரு கும்பலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது! அட, நம்மைப் போலத்தான் எல்லாரும் என்று மனசு கொஞ்சம் லேசானது. சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், மழைநீர் ஓட்டம் பற்றி வண்டி வண்டியாகப் பேசியவர், முகத்தில் கவலையோடு நின்றார். "சார், உங்களுக்கும் பயமா இருக்கா?" என்று கேட்டேன். "இருக்காதாம்மா?" என்றார். "மழ புடிச்சிக்கிட்டா நாளைக்கு சாயந்திரம் பிச்சாவரத்துல போட் உட மாட்டானாமே!"

பெரிய மனுசங்க வராங்க

ரெண்டாம் நாள் காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேட்டைப் பார்க்கப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மேட்டில் இடது பாதி நான் விட்டபடி இருக்கிறது. வலது பாதியைக் காணோம்! அதாவது மண் இருக்கிறது. வைக்கோல் இல்லை, வலை இல்லை, வெட்டிவேர் ஒரு தூர் இல்லை. வழித்துப் பெருக்கி, மொழுமொழுவென்று, ஓரத்தில் ப்ளீச்சிங் பவுடரால் ஒரு கோடு வேறு.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? யாராவது பெரிய ஆள் வருகிறார் என்றால் மரத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் அடிப்பார்கள், புல்லைச் செதுக்குவார்கள், ரெண்டு பக்கமும் பவுடர் கோடு போடுவார்கள். முந்தின நாள் சாயங்காலம், நாங்கள் எல்லாரும் உள்ளே மண் அரிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தோணி அண்ணன் தன் ஆட்களை விட்டு மண்டபத்தைச் சுற்றிச் சுத்தம் செய்திருக்கிறார். மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்ததையெல்லாம் குப்பை என்று அள்ளிப் போட்டாயிற்று.

அந்தோணி அண்ணனைப் பிடித்து உலுக்காத குறையாகக் கத்தினேன். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. "பாதிதான் முடிஞ்சிது மேடம். மேட்ட வழிக்கச் சொல்லி, கூட்டுற வேலைக்கு வர்ற வடக்குத்து செல்விகிட்ட சொல்லியிருந்தேன். அது பாதியில உட்டுட்டு வூட்டுக்கு ஓடிடுச்சி. அதுக்கா இவ்ளோ கோவம்? இப்பவே வேற ஆள உட்டு மீதியையும் வழிச்சிடச் சொல்றேன்."

வலை போன இடம்

மீதியில் கை வைத்தால் நடப்பது வேறு என்று மிரட்டிவிட்டு, உரித்த வலையைத் தேடி ஓடினேன். அதையாவது திரும்ப விரித்து முளை அடித்துவிட்டால் பார்வைக்காவது ஒப்பேற்றிவிடலாம். குப்பை மேட்டில் இல்லை. பந்தல் சாமான் அறையில் இல்லை. எம்.டி.யின் கார் உள்ளே வருவது தெரிந்ததும் ஒதுங்கலாம் என்று சாப்பாட்டுப் பந்தலுக்குள் நுழைந்தேன். காலுக்கடியில் சொரசொரவென்றது.

என் வலைதான்! அளவாகத் துண்டு போட்டு, வாசலில் ஒன்று, கை கழுவும் இடத்தில் ஒன்று, சமையல்கட்டுப் பக்கம் ஒன்று. எம்.டி. நேராக வந்தார், வாசலில் கிடந்த துண்டில் ஷூவை அழுத்தித் தேய்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்: "பரவால்லையே சுமதி, நல்ல கெட்டியான மிதியடியா வாங்கிப் போட்டிருக்காங்க."

சாப்பாட்டு வேளை

மேட்டின் நிலையை அவரிடம் சொல்லிவிடுவதென்று முடிவு கட்டி வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பிரபாகருக்குப் போன் போட்டு, "ஒடிசாவுக்கு எந்த ட்ரெயின்னு பாத்து வைங்க" என்றேன். எல்லாரும் இலையில் உட்கார்ந்து சாம்பாருக்கு வந்தபோது, பந்தல் மேல் ஒரு சொட்டு. அப்புறம் பத்து. அப்புறம் கேட்க வேண்டுமா? வானத்தைக் கவிழ்த்தாற்போல் கொட்டித் தீர்த்தது.

பந்தலிலிருந்து பார்த்தால் நேர் எதிரே என் மேடு. நான் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் கண் போகிறதே! வழித்த பாதியில் முதலில் நகம் கீறினாற்போல் கோடு விழுந்தது. கோடு வாய்க்காலானது, வாய்க்கால் ஓடையானது. செக்கச்செவேலென்று தண்ணீர் இறங்கி, கம்பளம் போர்த்திய வடிகாலில் போக வழியில்லாமல், பந்தலுக்குள்ளே வந்து எல்லார் காலையும் நனைத்தது. பக்கத்துப் பாதி மட்டும் அசையாமல் நின்றது. அதிலிருந்து வழிந்த தண்ணீர் கலங்கவே இல்லை.

அந்தச் சென்னைப் பேராசிரியர் பாயசத்தோடு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல் ஓரத்துக்குப் போய் நின்று, மேட்டையே பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். "இங்க வாங்க, எல்லாரும் இங்க வாங்க!" என்று கத்தினார். கூட்டம் இலையை விட்டு எழுந்து ஓடியது. "ஒரே மண்ணு, ஒரே சரிவு, ஒரே மழ. ஒரு பக்கம் மூடி வச்சு, ஒரு பக்கம் மூடாம உட்டுருக்காங்க. ரெண்டு நாளா நாம பேசினத இவங்க கண்ணு முன்னால காட்டிட்டாங்கய்யா! வடிகால வேற வேணும்னே அடைச்சு வச்சிருக்காங்க!" சரசரவென்று எல்லாரும் போனை எடுத்து ஃபோட்டோ எடுத்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

எம்.டி. என்னைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு நொடி இருந்தது, அது என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. செம்மண் தண்ணீரில் ஷூ மூழ்க நின்றபடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சபைக்குச் சொன்னார்: "எங்க கம்பெனியில எதுவுமே தற்செயலா நடக்காது சார்."

மறுநாள்

அன்று சாயங்காலம் காரில் ஏறியதும் எம்.டி. கண்ணாடியை இறக்கினார். ஒடிசா பேச்சே இல்லை. இந்தப் பக்கம் நிறைய வேலை வரும்போலிருக்கிறது, இனிமேல் எங்கே மாதிரி காட்டினாலும் பாதியை வழித்துவிட்டே காட்டுங்கள் என்றார். கார் திரும்புகிற வரை சும்மா நின்றுவிட்டு, அப்புறம் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலையில் அந்தோணி அண்ணன் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேட்டடியில் ஒரு பெண் துடைப்பத்தோடு தயங்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் நேற்று வரை என் முகத்தில் இருந்த அதே கலக்கம். வேலை போய்விடுமோ என்கிற அந்தக் கலக்கத்தை எனக்கு அடையாளம் காட்ட வேண்டுமா? "நீதான் செல்வியா?" என்றேன். அவ்வளவுதான், கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணங்கிட்ட சொல்லி என்னை நிறுத்திடாதீங்க மேடம். சின்ன மவளுக்கு ஜொரம்னு போன் வந்துது, போட்டது போட்டபடி ஓடிட்டேன். நேத்து முச்சூடும் ஆஸ்பத்திரில பயந்துகினே கெடந்தேன், இப்ப அவளுக்குத் தேவலாம். நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க, ஒரு நிமிசத்துல மீதியும் வழிச்சி சுத்தமா ஆக்கிடறேன்!"

அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தேன் என்பதும், ராப்பகலாக ஒழுங்காக வேலை பார்த்து ஒடிசாவுக்குப் போக இருந்த என்னைப் பாதி வேலையில் வீட்டுக்கு ஓடிய செல்விதான் என் வீட்டுக்காரரோடு சேர்த்து வைத்தாள் என்பதும், எங்கள் தொழிலில் எந்தக் கருத்தரங்கிலும் வாசிக்க முடியாத கட்டுரை.