மைக் திரும்பிய பக்கம்

என் மகள் கேமராப் பையை யாரிடமும் கொடுக்க மாட்டாள். வேப்பம்பட்டு ஸ்டேஷன் படிக்கட்டில் நான் கை நீட்டினால்கூட, "உடும்மா, நானே தூக்கிக்கினு வரேன்" என்பாள். திருப்பாச்சூர் கோயில் கல்யாணங்களைப் படம் பிடித்து ஆரம்பித்தவள். பிறகு பல வருடங்கள் மற்றவர்களின் ஆவணப்படங்களுக்குக் கேமரா பிடித்தாள். செங்கல் சூளை, உப்பளம், வற்றிய ஏரி என்று அலைந்தாள். அவளே இயக்கும் முதல் படம் இதுதான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகைகளைப் பற்றியது.

ஒலிப்பதிவுக்கு வந்தவர் புகை தாங்காமல் பாதியில் நின்றுவிட்டார். நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உதவிக்கு வருகிறேன் என்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் அங்கே நிற்பதை நினைத்துக்கொண்டு என்னால் வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை.

நீளக் கம்பின் முனையில் மைக். எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கத்துச் சத்தம்தான் தெளிவாகப் பதியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்பை அசையாமல் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

பேச ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர். கொட்டகையில் உலை பார்த்தவர், இப்போது எந்த வேலைக்கும் போக முடியாதவர். மற்றவர்கள் கேமராவைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இவர் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, மைக்கு புடிச்சிக்கினு நிக்கிறீங்க. பாட்டுக் கச்சேரியா?"

"நான் பாடினா நீங்க எழுந்து ஓடிடுவீங்க."

"ஓடறதுக்கு மூச்சு ஏதுக்கா?"

மகள் சிரித்தாள். அது இருமலில் போய் முடிந்தது.

அவர் பேச ஆரம்பித்தார். வயிற்று வலி, கை நடுக்கம், சொந்தப் பிள்ளையின் பெயர் சட்டென்று வாயில் வராதது. ஹெட்போனில் ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலும் ஒரு மெல்லிய விசில் கேட்டது. அவர் மார்பிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்க அவர் பேச்சை நிறுத்தினார். சொம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்தார். விசில் நிற்கவில்லை.

கேமராவுக்குப் பின்னால், துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றவளிடமிருந்து அது வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் கை எப்போது அவள் பக்கம் திரும்பியது என்றும் தெரியாது.

அன்று இரவு வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டாள். திரையில் அவர் வாய் அசைந்தது. சொற்கள் லாரிச் சத்தத்துக்கு அடியில் எங்கோ முனகின. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மூச்சு.

"இன்னாம்மா இது?"

"உன் மூச்சுதான். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். "அவரு சொன்னது மொத்தமும் போச்சு. நான் மூச்சு உடறதுதான் சூப்பரா பதிஞ்சிருக்கு." அவள் கத்தியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "போலாம். மொதல்ல அவர பாத்துட்டு."

போனோம். அவர் மனைவி வாசலை மறித்து நின்றார்.

"மொதலாளி ஆளு வந்து பேசிட்டுப் போனான்மா. எங்க பையனும் அங்கதான் வேலைக்குப் போய்க்கினு இருக்கான். எங்களுக்குப் பேஜாரு வாணாம், கெளம்புங்க."

உள்ளே அவர் இருமுவது கேட்டது. வெளியே வரவில்லை.

அங்கிருந்து நேராக மகளைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். "இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாதும்மா" என்றார்.

"அங்கயே குடியிருக்கறவங்க இன்னா பண்றது டாக்டர்?" என்று கேட்டாள் மகள்.

அவர் மருந்துச் சீட்டை எழுதிக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

வேப்பம்பட்டில் இறங்கி ஸ்டேஷன் படிக்கட்டுக்கு வந்தோம். நாலு படி ஏறியதும் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அந்த விசிலைக் கேட்க எனக்கு ஹெட்போன் தேவைப்படவில்லை. நான் கை நீட்டவில்லை. அவளாகவே கேமராப் பையைத் தோளிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தாள்.