வீட்டுக்காரம்மாவின் குடித்தனக்காரர்கள்

யாரும் உட்காராத நாற்காலிகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரம்மா கவுண்டர்களைக் கடந்து கழிவறைப் பக்கம் போனார். குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது. திரும்பும் வழியில் மேலாளரின் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"தண்ணி என்ன, உங்க தலைமை ஆபீஸ்லேர்ந்தா வருது?"

மேலாளருக்கு எதிரே வீட்டுக் கடன் கேட்டு வந்த தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் எழுந்து நின்று, "இனிமே பார்த்துக்கறோம்மா" என்றார்.

பல நாடுகளில் வங்கியும் காப்பீடும் நடத்தும் நிறுவனத்தின் மேலாளர் அவர். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு குடித்தனக்காரர், அவ்வளவுதான். மின்கட்டணத்தை நிறுவனம்தானே கட்டுகிறது என்று புதிதாக வந்த காசாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பில்லு யார் கட்டினா என்ன? தேயறது என் ஃபேன்" என்று பதில் வந்தது.

நான்கு மேசைகளோடு அந்த நிறுவனம் தரைத்தளத்துக்கு வந்தபோது அதற்கு வேறு பெயர். சிறு கடைக்காரர்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மாவின் கணவர் தவறிப்போயிருந்த சமயம். மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கீழ்வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு அவர் முதல் மாடிக்குப் போனார். கடன் கொடுத்தவர்கள் வங்கியானார்கள். முதல் மாடியும் வேண்டும் என்றார்கள். ஒரு காப்பீட்டுக் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடியும் போனது. வெளிநாட்டு வங்கி ஒன்றை அவர்கள் வாங்கிய வருஷம், வீட்டுக்காரம்மா மகன் மருமகளோடு மொட்டைமாடியில் கட்டிய இரண்டு அறைகளில் இருந்தார்.

"அவங்க வளர வளர நாம மேல போறோம். இன்னும் ஒரு நாட்டுல கிளை திறந்தா நமக்கு வானம்தான்" என்பார் பள்ளி வேன் ஓட்டும் மகன்.

அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. "நம்ம குடித்தனக்காரங்க கடல் தாண்டிட்டாங்க" என்று உறவுக்காரர்களிடம், பெற்ற பிள்ளை வெளிநாடு போனது மாதிரி சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் கணக்கு வைத்திருந்தது வேறொரு வங்கியில். அதே தெருக்காரன் என்ற உரிமையில் நான் ஒருநாள் காரணம் கேட்டேன். "என் பணத்தையும் அவங்ககிட்டயே குடுத்துட்டு, வாடகை பாக்கின்னு போய்க் கேக்க எனக்கு வாய் வருமா?" என்றார். ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லி மாடியேறி வந்த முகவருக்கும் காப்பி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. "நான் போனா யாருக்கு லாபம்னு என் கையாலயே எழுதித் தரணுமா?"

போன வருஷம், தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் அவரைப் பார்க்க வருவதாக மேலாளர் சொல்லியனுப்பினார். கட்டடத்தை விலைக்குக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று மகன் முடிவே செய்துவிட்டார். வேனுக்கு லீவு. இஸ்திரி போட்ட சட்டை. "அம்மா, அவங்க விலை சொன்ன உடனே தலையாட்டிடாத."

"விக்கறேன்னு உன்கிட்ட யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டு அம்மா மொட்டைமாடியைக் கழுவினார்.

அன்று நடந்ததை மேலாளரே பிறகு எனக்குச் சொன்னார். வந்தவர்களில் இளையவர், நிறுவனம் இரண்டு மடங்காக வளர்ந்திருக்கிறது என்று தொடங்கினாராம். அதனால் கட்டடத்தைக் காலி செய்கிறோம் என்று முடித்தாராம்.

வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிபடவில்லை. "வளர்ந்தா இன்னும் இடம்தானே கேட்பீங்க? கேளுங்க. இந்த ரெண்டு ரூமையும் ஒழிச்சுத் தரேன்."

மகன் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இடமே வேணாம்மா. இப்ப எல்லாம் போன்லயே முடிஞ்சுடுது."

"நான் என்ன குறை வெச்சேன்?"

மூவரும் காப்பிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர்தான் பேசினார். "குறையே இல்லம்மா. எனக்கும் இனிமே எங்க இடம்னு இன்னும் சொல்லல."

வீட்டுக்காரம்மா மேலாளருடைய கோப்பையை மட்டும் வாங்கி மறுபடி நிரப்பிக் கொடுத்தார்.

சாமான்கள் லாரியில் ஏறிய அன்று அவர் ஒவ்வொரு தளமாக இறங்கி, சுவர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஒரு ஆணி அடிக்கல. நல்லபடியாத்தான் வெச்சிருந்திருக்காங்க" என்றார் என்னிடம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதன் பிறகும் பல வாரங்கள் பாஸ்புக்கோடு வந்து கதவைத் தட்டியவர்களுக்கு அவரே பதில் சொன்னார்: "அவங்க ரொம்பப் பெரிய ஆளாயிட்டாங்களாம். போன்ல பேசிக்கோங்க."

சென்ற மாதம் தையற்கடை வைப்பதற்காக ஒருவர் தரைத்தளத்தைப் பார்க்க வந்தார். மகன் வேனில் போயிருந்ததால் துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார் வீட்டுக்காரம்மா. தையற்காரர் வெளிச்சம் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னல் ஓரம் நான்கு இயந்திரங்கள் போடலாம் என்றார். வாடகையில் இழுபறி இல்லை. வீட்டுக்காரம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. சாவியை எடுத்து நீட்டினார்.

தையற்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தொழில் மட்டும் நல்லா ஓடட்டும்மா. ரெண்டே வருஷத்துல முதல் மாடியையும் நானே எடுத்துக்கறேன்."

வீட்டுக்காரம்மா சாவியோடு நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.