காலை எட்டு மணி

விசாரணை என்று என் கணவரைக் காலை எட்டு மணிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். செஞ்சி காவல் நிலைய வாசலில் கைக்குழந்தையோடு நின்றேன். எதிர்ப்புறம் மனு எழுதுபவர், காதில் பேனாவோடு, கூப்பிடாமலே வந்தார்.

“எத்தினி மணிக்கு இட்டுனு போனாங்கம்மா?”

போலீசுக்கு வேண்டியவரோ என்று சந்தேகம். “பதினொண்ணு” என்று பொய் சொன்னேன்.

“ரோசன பண்ணி சொல்லு. புடிச்ச நேரத்துலேர்ந்து இருவத்திநாலு மணி நேரத்துக்குள்ள ஜட்ஜு முன்னாடி நிறுத்தணும். சட்டம் அப்டி. நேரம் போட்டு மனு குடுத்துட்டா இழுக்க மாட்டாங்க.”

அப்போதும் திருத்தத் துணிவு வரவில்லை. “பதினொண்ணுதாங்க.”

என் முகத்தையே பார்த்தார். பிறகு பதினொரு மணி என்றே எழுதிக் கொடுத்தார், கையெழுத்திட்டேன்.

மறுநாள் பத்தரைக்குத்தான் நீதிபதி முன் நிறுத்தினார்கள். மனு எழுதுபவர் எதற்காக உதவினார் என்று இன்னும் புரியவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு மேலும் என் கணவர் உள்ளே இருந்தது மட்டும் என் கையெழுத்தால்.